கான்கிரீட்டில் வார்த்த மாதா

கோயில் சுவருக்குச் சிற்பம் வார்க்கிறவனுக்கு வாடிக்கையாளர் ஒருவரல்ல, அந்தக் கோயிலின் பங்குமக்கள் எல்லோரும். களிமண்ணில் உருவம் பிடித்து, அதன்மேல் அச்செடுத்து, அச்சில் கான்கிரீட் ஊற்றுவது என் பிழைப்பு, பட்டறை திண்டுக்கல்லில். உங்கள் வேலையிலும் ஊரே வந்து மேற்பார்வை பார்க்குமென்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி. கன்னிவாடிப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்குச் செய்தபோது நடந்தவை இவை.

கம்பளி இல்லாத ஆடு

பீடத்துக்குப் பின்னால் நல்ல ஆயன் சிற்பம், காணாமல் போன ஆட்டைத் தேடித் தூக்கிவரும் இயேசு. அவர் தோளில் கிடக்கும் ஆட்டுக்காக அய்யலூர்ச் சந்தைக்குப் போய்ச் செம்மறிகளைப் பார்த்து வரைந்து வந்தேன். நம் பக்கத்து ஆடு. ஒட்டிய வயிறு, தொங்கும் காது, மேலே கம்பளி கிடையாது. களிமண் உருவத்தைப் பார்த்த பங்குச்சாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. காலண்டரில் ஆடு பஞ்சுமூட்டை மாதிரி இருக்குமே என்றார். கூட வந்திருந்த சவரியப்பன், ஆடு மேய்க்கிறவர், குறுக்கே வந்தார்:

"சாமி, அம்புட்டுக் கம்பளியோட நம்ம வெயில்ல மேஞ்சா, அது காணாமப் போறதுக்கு முந்தியே செத்துப்போகும்."

பதின்மூன்றாம் நிலை

இயேசுவின் பாடுகளைச் சுவரில் வரிசையாகச் சொல்லும் சிலுவைப்பாதையின் பதின்மூன்றாம் நிலையில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் கிடத்தியிருப்பார். அந்தச் சிற்பத்தைத் தன் மகன் நினைவாகச் செய்யச் சொன்னவர் அருளாயி அக்கா. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகன் அங்கேயே விபத்தில் இறந்துபோனான்.

களிமண் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வந்தார். மாதாவின் கைகளை நான் கும்பிட்டபடி வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, ஒரு கையையாவது மகன் கன்னத்தில் வைக்க முடியுமா என்று கேட்டார். அமைப்பு கெட்டுவிடுமே என்று இழுத்தேன். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டபிறகு மண்ணை நனைத்துக் கையை மாற்றினேன்.

"எனக்குச் சீல் வச்ச பெட்டியத்தான் குடுத்தாக தம்பி, தெறக்க விடல. இந்தத் தாயாவது தொட்டுப் பாத்துக்கிறட்டும்."

கயிறு

வார்த்து இறுகியதும் அதே சிற்பத்தைப் பஷீர் பாயின் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். நிமிர்த்தி வைத்து, ஆடாமலிருக்கக் கயிற்றைக் குறுக்கே இழுத்தேன். அது மாதாவின் கழுத்துக்கு நேராக வந்தது. பஷீர் பாய் அதை அவிழ்த்துவிட்டார். வீட்டிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து இருபுறமும் முட்டுக் கொடுத்து, அடிப்பாகத்தில் மட்டும் கட்டினார். வழியெல்லாம் மாட்டுவண்டி வேகம்தான். கோயில் வாசலில் ஒரு கீறல் இல்லாமல் இறக்கியபிறகு, எதற்குப் பாய் இத்தனை பாடு என்றேன்.

"எங்களுக்கும் மர்யம் அம்மாதான் சார். அவங்க கழுத்துல கயித்தப் போடச் சொன்னா எனக்குக் கை வருமா?"

கான்கிரீட் இறுகிவிட்டால் எதையும் மாற்ற முடியாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் இப்போது எல்லோரும் களிமண் பிசையும்போதே வந்து நின்றுவிடுகிறார்கள்.