ஒட்டாத சீக்கு

வெயிலில் புது ரோடு போடும்போது ஒரு வாசனை வருமே, அதை ஜன்னல் திறக்காத ஏசி அறைக்குள் அடைத்து, ஒரு சிறுமியின் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் பூசிவிட்டால் எப்படியிருக்குமோ, அதுதான் என் எட்டாவது வயது. தோல் டாக்டர் கொடுத்த தார் மருந்து அது. எனக்கு சொரியாசிஸ். சிவந்த திட்டுகள், அவற்றின் மேல் மீன் செதில் போல வெள்ளையாக உதிரும் பொருக்கு. ஊர்க்காரர்களின் வாயில் அதற்கு ஒரே பெயர்தான்: "சொறி".

பர் துபாயில் ஒரு ஃப்ளாட்டை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். பெரிய அறையில் எங்கள் கடற்கரை ஊரையே சேர்ந்த ஜொகரா மாமியும் மாமாவும் அவர்களுடைய இரண்டு பெண்களும். ஃப்ளாட் மாமாவின் பேரில் இருந்தது. சின்ன அறையில் வாப்பா, உம்மா, நான். அடுப்படியும் குளியலறையும் பொது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும். ஆண்களுக்கு ஒரு சஹன், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சஹன். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சஹன் என்பது பெரிய தாம்பாளம், நடுவில் சோற்றைக் குவித்துச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கைபோட்டுச் சாப்பிடுவோம். ஒரே சஹனில் உண்டவர்களை ஒரே வீட்டார் என்று நினைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமி என் முழங்கையைப் பார்த்தார், பிறகு தன் பெண்களைப் பார்த்தார், எழுந்து போய் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து சுவரோரமாக வைத்தார். "புள்ளைக்குத் தனியா வச்சுக்கிடலாம் தங்கச்சி. ஒட்டிக்கிற சீக்கு, சின்னப் புள்ளைங்க இருக்குற வீடு பாருங்க," என்றார் உம்மாவிடம், சர்க்கரையாய்ச் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

உம்மா சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் மாமியையே அழைத்துப்போனார். இது கிருமியால் வருவதல்ல, தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது, உடம்பே தோலை அவசர அவசரமாக வளர்த்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, லிஃப்டில் இறங்கும்போது, "டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு. அவரு வீட்டுலயா இந்தப் புள்ள குளிக்குது?" என்றார். அதன் பிறகு நான் குளித்து வந்ததும் மாமி வாளியும் பிரஷுமாக உள்ளே போய்விடுவார். அந்தத் தேய்க்கும் சத்தம் எங்கள் அறைவரை கேட்கும். உம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

கடைசியில் மாமா வாப்பாவைக் கூப்பிட்டு, "நமக்குள்ள மனஸ்தாபம் வேணாம், இந்த மாசத்தோட கலாஸ், வேற ரூம் பாத்துக்கிடுங்க," என்றார். தனி ஃப்ளாட் எடுக்கும் வசதி வாப்பாவுக்கு இல்லை. பங்கு அறை தேடி ஊர்க்காரர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினோம். எங்களுக்கு முன்னால் என் முழங்கையைப் பற்றிய செய்தி அங்கெல்லாம் போயிருந்தது. மாமி தொலைபேசியில் கெட்டிக்காரர். ஆகவே உம்மாவும் நானும் ஊருக்கு விமானம் ஏறினோம், வாப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் பேச்சுலர் ரூமில் ஒரு கட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகு வாப்பா எனக்கு லீவில் வரும் விருந்தாளி. வருவார், பெட்டி பிரிப்பார், கூச்சம் விட்டு நான் மடியில் உட்காரப் பழகுவதற்குள் போய்விடுவார். என் தோல் பிரிக்காத வாப்பாவை மாமியின் நாக்கு பிரித்தது.

இப்போது நானும் ஷார்ஜாவில்தான் இருக்கிறேன், கணவர், பிள்ளைகளோடு. பர் துபாய் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தார் மருந்தும் போய்விட்டது. ஊசி வந்திருக்கிறது, போட்டுக்கொண்டால் திட்டுகள் அடங்கிக் கிடக்கும். போன குளிர்காலத்தில் ஊசியை டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தார், முழங்கைகள் பூத்துக் குலுங்கின. அந்த நேரத்தில்தான் இங்கேயே ஓர் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் சஹன் இல்லை, அவரவர் தட்டோடு பஃபே வரிசை. முன் சோபாவில் ஜொகரா மாமி, நரைத்து, பெரிய மனுஷியாக உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் ஸலாம் சொல்லித் தழுவிக்கொண்டிருந்தார்கள்.

அபாயாவின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து, இரண்டு கைகளாலும் அவர் கழுத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

"யாரு புள்ள?" என்றார் ஆசையாக.

"சின்ன ரூம் ஹாஜரா, மாமி."

மாமியின் கண் என் முழங்கைக்குப் போனது. உடம்பு விறைத்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, தள்ளவும் முடியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது.

"வாப்பா... வாப்பா சொகமா?" என்றார், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"மவுத்தாயிட்டாங்க மாமி. இங்கதான், அந்தப் பேச்சுலர் ரூம்லயே. நாங்க ஊர்ல இருந்தோம். கடைசியா மூஞ்சியப் பாக்கக் குடுத்து வைக்கல."

என் முதுகில் ஒப்புக்கு வைத்திருந்த அவர் கை நழுவி விழுந்தது. எனக்குப் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும் என்று நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.