ஹெலன் அக்காகிட்ட சொல்லாமல் விட்ட பாட்டு

ஹெலன் அக்கா இறந்துட்டாங்க.

நன்னிலம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாங்களே... அவங்கதான். நம்ம கிளாஸ்ல எல்லாரோட மார்க் ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவங்க.

நாலு நாள் காய்ச்சல். நேற்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முடிஞ்சுபோச்சு. வயசு முப்பத்தி நாலு.

இன்னைக்கு மதியம் அடக்கம். சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்து டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

ஜெராக்ஸ் மட்டும் இல்ல, மெமரி கார்டுல பாட்டும் ஏத்தித் தருவாங்க. வர்றவங்க எல்லாரும் புதுப்படப் பாட்டுதான் கேட்பாங்க. அக்கா கேட்கிறது மட்டும் ப்ராக்ரஸிவ் ராக். மஸ்கட்ல வேலை பார்க்கிற அவங்க அண்ணன் ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய கொண்டுவந்து கொடுத்தது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்... அது இங்கிலீஷ் ராக் பாட்டுல ஒரு வகை. அதுல ஒரே பாட்டு இருபது நிமிஷம்கூட ஓடும். நாலு நாலா எண்ணிக்கிட்டு இருக்கும்போதே தாளம் ஏழு ஏழா மாறிடும். அக்கா மெஷின் மூடி மேல விரலால ஏழு தட்டிக்கிட்டே என் பயாலஜி நோட்ஸைக் காப்பி எடுப்பாங்க.

முதல் தடவை கேட்டப்போ, "அக்கா, இது எப்பக்கா முடியும்?"னு கேட்டேன்.

"உனக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

அன்னைக்கு ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் வேணும்னு அம்மா போன்ல இருந்த கார்டைக் கழற்றி எடுத்துக்கிட்டுப் போனேன். அதுல அம்மாவோட ஜெபப் பாட்டும், சிங்கப்பூர்லேர்ந்து அப்பா அனுப்பின போட்டோவும்தான் நிறைய. எதையும் அழிக்கக் கூடாதுன்னு அம்மா ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டாங்க.

அக்கா கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்துட்டு, "ஒண்ணுதான்டி ஏறும். ஆல் டைம் ஃபேவரிட் எதுன்னு முடிவு பண்ணிட்டு வா. காரணத்தோட சொல்லணும், சும்மா புடிச்சிருக்குன்னா ஏத்த மாட்டேன்"னாங்க.

எனக்கு ரெண்டு பாட்டுல குழப்பம். பேரைச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது, அதனால நாங்க வெச்ச பேரையே சொல்றேன். ஒண்ணு மழைப் பாட்டு, இன்னொண்ணு ஆர்கன் பாட்டு.

மழைப் பாட்டுல ஒரு முழுக் கதை இருக்கு. அதுக்கு ரஃப் நோட்ல பதினோரு காரணம் எழுதிக்கிட்டுப் போனேன். அக்கா பொறுமையா படிச்சாங்க.

"மூணாவதும் எட்டாவதும் ஒண்ணுதானேடி... மார்க்குக்காக இழுத்திருக்கியா?"

ஆர்கன் பாட்டுக்கு எனக்கு ஒரு காரணம்கூட எழுத வரல. ஆனா விடவும் மனசு வரல.

அக்காதான் எங்க சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாங்க. கால்ல மிதிச்சு வாசிக்கிற பழைய ஆர்கன். இடது மிதி கிரீச்சுன்னு சத்தம் போடும்.

போன அறுப்பின் பண்டிகை... நெல்லு, தேங்காய், வாழைத்தார்னு எல்லாரும் காணிக்கையோட வரிசையில நிக்கிறாங்க. ரெண்டு கீர்த்தனை வாசிச்சு முடிச்சும் வரிசை பாதிகூட நகரல. நெல் மூட்டையைத் தூக்கிட்டு வந்தவங்க நடு வழியில இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்கறாங்க.

அப்பதான் மூணாவதா ஒண்ணு ஆரம்பிச்சது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆர்கன் பாட்டு! கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் பக்தியா.

திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்ல. வேணும்னே பார்க்கல.

அந்தப் பாட்டுல கடைசிப் பகுதிக்கு முன்னாடி எல்லாச் சத்தமும் சட்டுன்னு நின்னுடும். ஒரு முழு மூச்சு அளவுக்கு ஒண்ணுமே இருக்காது. அப்புறம் ஆர்கன் மட்டும் தனியா வரும்.

அக்காவும் அதே மாதிரி நிறுத்தினாங்க. அந்த நேரம் பார்த்து, காணிக்கைக்கு வந்த சேவல் கூவிடுச்சு. சர்ச்சே சிரிச்சது. அக்கா தோள் குலுங்கக் குலுங்க மிச்சத்தை வாசிச்சு முடிச்சாங்க.

வெளியில வந்ததும் சாமுவேல் தாத்தா, அவர்தான் காணிக்கைப் பை பிடிக்கிறவர், கேட்டார். "கடைசியா வாசிச்சியேம்மா... அதுவும் நம்ம பாமாலை மாதிரி ஜெர்மன் ராகமா?"

"ஆமா தாத்தா. ரொம்பப் பழசு."

என் கையை அழுத்திப் பிடிச்சாங்க, நான் சிரிச்சுடக் கூடாதுன்னு.

அதுலேர்ந்து சர்ச்சுல எல்லாரும் சேர்ந்து பாடுற பாமாலையிலயும் அக்கா அதைச் செய்ய ஆரம்பிச்சாங்க. கடைசிச் சரணத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்தி, தனியா ஒரு வரி வாசிச்சுக் காட்டிட்டுத்தான் எங்களைப் பாட விடுவாங்க. முதல் ரெண்டு வாரம் எல்லாரும் முந்திக்கிட்டுப் பாடினோம். அப்புறம் பழகிடுச்சு.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன்.

"முடிவாச்சா?"

"திங்கக்கிழமை கண்டிப்பா சொல்றேங்க்கா."

"பொண்ணு பார்த்துட்டுப் போறவங்ககூட இதைவிடச் சீக்கிரம் பதில் சொல்லிடுறாங்கடி"ன்னு சிரிச்சாங்க.

திங்கக்கிழமை ஷட்டர் இறக்கியிருந்தது. காய்ச்சல்னு பக்கத்து டீக்கடையில சொன்னாங்க. ரெண்டு நாள்ல வந்துடுவாங்கன்னு நினைச்சேன். மழைப் பாட்டுக்குப் பன்னிரண்டாவது காரணம்கூட எழுதினேன்.

இன்னைக்கு ஆர்கன் துணி போட்டு மூடியிருந்தது. வாசிக்கத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்ல. அக்காவோட அண்ணன் மஸ்கட்லேர்ந்து காலையிலதான் வந்து சேர்ந்தார்... முதல் பெஞ்சுல தலை நிமிராம உட்கார்ந்திருந்தார்.

வாசிப்பு இல்லாமத்தான் பாடினோம். சுருதி ஆளுக்கொரு பக்கம். ஆனாலும் எல்லாரும் சத்தமாப் பாடினாங்க.

கடைசிச் சரணம் வந்தது.

யாரும் ஆரம்பிக்கல.

சர்ச் முழுக்க அப்படியே நின்னுட்டோம்... பாஸ்டரும்தான். பின்னாடி வயல்ல பம்ப் செட் ஓடுற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா நிறுத்துற அந்த மூச்சு நேரம் முடிஞ்சும் எல்லாரும் அந்த ஒரு வரிக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்.

ரொம்ப நேரம் கழிச்சு சாமுவேல் தாத்தாதான் எடுத்துக் கொடுத்தார்.

அக்கா, ஆர்கன் பாட்டு.

காரணம் ஒண்ணுதான். அந்த நிறுத்தம்.

போயிட்டு வாங்கக்கா...