பதுளை பசாரில் எங்கள் அக்காவின் பேனா மேசை

எங்கள் அன்புக்குரிய அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன உறவினர்கள், அக்காவைப் பொறுமையின் வடிவம், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். அடைத்துப்போன பேனாவிடம் மட்டும்தான் அவர் பொறுமை காட்டினார். மனிதர்களிடம் முகத்துக்கு நேரே பேசினார். கூடப்பிறந்த தங்கை நான், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பரா ஒன்றில் அக்கா பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். கல்யாணம் ஆகும்வரை அக்காவும் கொழுந்துக் கூடை சுமந்தவர்தான். அத்தான் பதுளை பசாரில், ஒரு முஸ்லிம் வியாபாரியின் காகிதக் கடை வாசலில் மேசை போட்டுப் பேனா திருத்தி வந்தார். அந்தக் கடைக்காரரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம்.

பிள்ளைகள் பிறக்கும் முன்பே அத்தான் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். எந்த நாட்டுக் குடியுரிமை, இந்தியாவா இலங்கையா என்று லயத்துக்கு லயம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தது. கருமாதியன்று வந்த சனம் கலையும் முன்பே பெரியப்பா பேச்சை எடுத்தார்.

“ஒண்டியா இங்க இருந்து என்ன செய்யப் போற? எங்ககூட கப்பல் ஏறிரு. பொம்பள பசார்ல மேசை போட்டு உக்காந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“பேசுறவங்க அவங்கவங்க பேனாவையும் கொண்டாரட்டும் பெரியப்பா. அவங்க பேசட்டும், நான் வேலையப் பாக்குறேன்.”

பெரியப்பா அன்று தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். பிறகு அவர்கள் புறப்பட்ட நாளில் அக்கா பதுளை ஸ்டேசனுக்குப் போய் எல்லோரையும் கட்டிப்பிடித்து வழியனுப்பினார். ரயில் நகர்ந்ததும் அங்கிருந்து நேராக மேசைக்குப் போனார்.

ஆரம்பத்தில் யாரும் பேனா கொடுக்கவில்லை. நானாவிடம் சிலர் குறை சொன்னார்கள். மேசை அக்காவுடையது, இடம் மட்டும்தான் தன்னுடையது என்று நானா பதில் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிற்று. மை அடைத்த காட்ரிஜ் போட்டு எழுதும் நல்ல பேனாக்கள், போடக் காட்ரிஜ் இல்லாமல் அலுமாரிகளில் கிடந்தன. காட்ரிஜ் இருந்த இடத்தில் கன்வேர்ட்டர் என்ற சின்னக் குழாயைச் செருகினால் போதும். பின்பக்கத் திருகைத் திருப்பினால் போத்தல் மையை அது உறிஞ்சிக்கொள்ளும். அத்தான் கன்வேர்ட்டர்களைச் சேர்த்து வைத்திருந்தார். அக்கா அவற்றைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கினார்.

பொருத்திய பேனாக்கள் திரும்பி வந்தன. உள்ளே மை நிறைய இருக்கிறது, எழுத்து மட்டும் நின்றுபோகிறது என்றார்கள். அக்காவுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு பேனாவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, மை குழாயின் பின்கோடியில் ஒட்டிக்கொண்டு முன்னே இறங்காமல் நிற்பதைக் கண்டார். குழாயைத் துளி சவர்க்காரம் போட்டுக் கழுவி, நுரை போக அலசி மை நிரப்பினார். மை இறங்கியது. சில பேனாக்களில் கன்வேர்ட்டர் இறுக்கமாக உட்காராமல் காற்று நுழைந்தது. சிலவற்றில் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் பழைய மை காய்ந்து கிடந்தது. அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கன்வேர்ட்டராலேயே தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் தள்ளுவார். சுடுதண்ணீர் ஊற்றினால் நாக்கு கோணிப்போகும் என்று எச்சரிப்பார். எழுதாத பேனா என்றாலே நிப்பைப் பிடித்து நெளிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “நிப்பத் தொடுறது கடேசி வேலங்க” என்பார். பெயர் பரவி, தொலைவிலுள்ள வெலிமடையிலிருந்துகூடப் பேனா வந்தது.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்த அந்த ஆடி மாதத்தில் பசார் பட்டப்பகலில் எரிந்தது. பக்கத்துக் கடையின் நெருப்பு நானாவின் கடைக்கும் தாவியது. அக்காவின் கருவிகள், அத்தானின் ஒரே படம், துணிமணிகள் எல்லாம் அவர் குடியிருந்த கடைப் பின்னறையில் இருந்தன. அக்கா அவற்றில் எதையும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர்களின் பேனாக்கள் இருந்த பிஸ்கட் டின்னைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு வெளியேறினார். இடுப்பில் எப்போதும் செருகியிருந்த அத்தானின் பேனா மட்டும் அவரோடு தப்பியது.

தெமோதரைப் பக்கத்தில் எங்கள் காம்பராவும் எரிந்ததால் நானும் என் கணவரும் அக்கா இருந்த அகதி முகாமுக்கே வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தரையில் படுத்திருந்தோம். டின்னைத் திறந்து பார்த்த அக்கா, மையோடு வந்த பேனாக்கள் இப்படியே கிடந்தால் நாக்கு அடைத்துவிடும் என்றார். குடிக்கக் கிடைத்த தன் பங்குத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவினார். தண்ணீரை வீணாக்குவதாகவும், நம்மை எரித்தவர்களின் பேனாவையா கழுவுகிறாய் என்றும் சிலர் சத்தம் போட்டார்கள். எரித்தவன் தன்னிடம் பேனா கொடுத்தவனில்லை, கொடுத்தவன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அக்கா கேட்டார். பெரியப்பாவிடமிருந்து வந்துவிடச் சொல்லித் தகவல் வந்தது. அக்கா பதில் அனுப்பவில்லை.

முகாமிலிருந்து வெளியேறியதும் நானாவின் எரிந்த கடையின் கரிபிடித்த சுவரோரம், இரவல் மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். நானும் வேலை பழகக் கூடவே உட்கார்ந்தேன். ஓர் ஆள் வந்து, இன்னும் உங்கள் ஊருக்குப் போகவில்லையா என்று சிங்களத்தில் கேட்டான். அக்கா அவனுடைய ஊரைக் கேட்டார். அவன் தூரத்து ஊர் ஒன்றைச் சொன்னான்.

அக்கா அவனுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: “நான் லுணுகலை. ஒங்கள விட நான்தான் இந்த ஊருக்குக் கிட்ட. நீங்க போற அன்னைக்கு, நான் போறதப் பத்தி யோசிப்போம்.”

அவன் முறைத்துக்கொண்டு நின்றான், பிறகு போய்விட்டான். அக்கா மேசையைத் துடைத்தார்.

பேனாக்களில் நூலால் கட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைப் பார்த்து, உரியவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓய்வுபெற்ற சிங்கள ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் வந்தார். ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தயா, நாங்கள் அவரை அப்படித்தான் அழைப்போம். பேனா சாம்பலாகியிருக்கும் என்றே நினைத்திருந்தாராம். மை நிரப்பி எழுதிப் பார்க்கச் சொன்னார் அக்கா. பாதிப் பெயரில் மை நின்றது. கழற்றிப் பார்த்தால், கன்வேர்ட்டருக்குள் மையைத் தள்ளும் அடைப்பான் தேய்ந்து, மை அதன் பின்பக்கம் கசிந்திருந்தது. மாற்றுவதற்கு எங்களிடம் வேறு கன்வேர்ட்டர் இல்லை. அக்கா இடுப்பிலிருந்த அத்தானின் பேனாவை எடுத்தார். அதன் கன்வேர்ட்டரை உருவிக் கழுவி, மை நிரப்பி வந்தவருடைய பேனாவில் செருகினார். நிப்பில் ஒரு சொட்டு தெரியும்வரை திருகி, நிப்பை மேலே பிடித்துத் திருகைச் சற்றே பின்னால் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை பெயர் முழுதாக வந்தது.

அது யாருடையது என்று மாத்தயா கேட்டார். வேலை செய்கிறதல்லவா, அது போதும் என்றார் அக்கா. அந்த மனிதர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், கண் கலங்கிவிட்டது. அக்கா அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதன் பிறகு அவர் வாராவாரம் வந்து, எல்லோரும் பார்க்க எங்கள் மேசையருகே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

நோய் முற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் அக்கா அடங்கவில்லை. மேசையை விற்றுவிடலாமா என்று கேட்ட உறவினர் ஒருவரிடம், “நான் இன்னும் சாகல” என்றார். என்னைக் கூப்பிட்டு, கழுவாமல் வைத்த பேனா ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். மறுநாள் காலை அமைதியாகக் கண்மூடினார்.

எரிந்த கடையைக் கட்டியதும் அக்காவுக்கு முதலில் இடம் ஒதுக்கிய நானாவின் குடும்பத்தாருக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த அயலவர்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த லுணுகலைத் தோட்டத்துச் சொந்தங்களுக்கும், முதுமையிலும் மயானம்வரை நடந்து வந்த ஸ்டேசன் மாஸ்டர் மாத்தயாவுக்கும் எங்கள் நன்றி. பெண்ணுக்குப் பசாரில் என்ன வேலை என்று கேட்டவர்களும் இன்று இந்த நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களையும் வரவேற்கிறோம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த வேலையை இப்போது நான் செய்கிறேன். நாளை காலை கடை திறக்கும்போது மேசையில் இருப்பேன்.