தெலுங்கில் எண்ணிய ஏழு குட்டிகள்

என் பேரன் பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கிறான். அந்த ஊர்ப் பாஷைக்கு செபுவானோ என்று பெயராம். வாழைப்பழம் எண்ணுவதற்கு உசா, துஹா, துலோ என்று அவர்களுடைய சொந்த எண். மணியும் விலையும் சொல்ல ஸ்பெயின்காரன் விட்டுப்போன எண். எதை எங்கே சொல்வதென்று தெரியாமல் கடையில் முழிக்கிறேன் தாத்தா என்று போனில் புலம்பினான். எண்ணைப் படிப்பது பெரிதில்லையடா, எதை எதால் எண்ணுவது என்பதில்தான் ஆள் மாட்டுவான் என்றேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மூன்று லாரியும் சுந்தரபாண்டியத்தில் ஒரு தென்னந்தோப்பும் என் பெயரில் இருக்கின்றன. தேங்காய் விழுகிற சத்தத்தை வைத்தே எத்தனை விழுந்தது என்று சொல்லிவிடுவேன். எண்ணுகிற விஷயத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதிலேயே நான் இரண்டு பாஷையில் எண்ணியவன்.

அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்த புதிது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த வீட்டுத் தாத்தா பட்டாளத்திலிருந்து வந்தவர். அவர் வளர்த்த வெள்ளை நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டி வேண்டுமென்று தினமும் போய் நின்றேன். அவர் குட்டிகளை விற்பதில்லை. பிடித்த ஆளுக்குச் சும்மா கொடுப்பார்.

"ஏலே, இது தெலுங்கு நாயி. தமிழ்ல கூப்பிட்டா வராது. எங்க பாசையில பத்து வரைக்கும் எண்ணிட்டு வா, பொறவு பாப்போம்" என்றார் ஒருநாள்.

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். நான் அவருடைய பேத்தியைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டால் சொல்லித்தருவேன் என்றாள். நாய்க்காகக் கூப்பிட்டேன். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது. ரெண்டும் ஆறும் நம்மிடம் இருப்பவையே, ஆகவே படிக்க வேண்டியது எட்டுதான் என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். எட்டுக்குச் சொல்லும் எனிமிதியும் ஒன்பதுக்குச் சொல்லும் தொம்மிதியும் இடம் மாறி மாறிப் படுத்தின. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் புளியமரங்களை எண்ணியே அவற்றை வழிக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் அவளிடம் போய், உள்ளே இருந்த அவளுடைய அம்மாவையும் அப்பாவையும் காட்டி "ரெண்டு" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"எங்க அம்மாவும் அப்பாவும் என்ன மாட்டு ஜோடியாலே? ஆளுகன்னா இத்தருன்னு சொல்லணும்."

ஆளுக்கு வேறு எண், பொருளுக்கு வேறு எண். அதையும் ஒரே நாளில் படித்தேன்.

குட்டிகள் கண் திறந்த பிறகு தாத்தா முன்னால் போய் நின்றேன். அவர் கேட்கக்கூட இல்லை. நேராகத் தாய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டியாகத் தொட்டு, தெருவுக்கே கேட்கும்படி எண்ணினேன். "ஒகட்டி, ரெண்டு, மூடு..." ஏடு என்று ஏழாவது குட்டியில் முடித்தேன். பேத்தி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

குட்டிகளை எண்ணக்கூடாது என்று எனக்கும் தெரியும். அடைக்கோழியின் குஞ்சுகளையோ, சாப்பிட உட்கார்ந்த ஆட்களையோ எண்ணினால் அம்மா தலையில் கொட்டுவாள். ஆனால் அதெல்லாம் தமிழில் எண்ணினால்தானே. தெலுங்கில் எண்ணினால் திருஷ்டி ஒட்டாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

வீட்டுக்குப் போ என்று தாத்தா கையை மட்டும் காட்டினார். மறுநாள் காலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது.

"நீ எண்ணுனதாலதான் போச்சு" என்றாள் பேத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. வாயைத் திறந்தாலே ஏதாவது எண் வந்துவிடும், இன்னொரு குட்டி போய்விடும் என்று பயம். சுவரில் ஏறிக் கண்ணால் மட்டும் பார்த்தேன். ஆறு இருந்தன. அம்மா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தார். தோளில் கிடக்கும் துண்டு கையில் சுருண்டிருந்தது. அதற்குள் ஒரு குட்டி.

"ஏலே, அன்னைக்கு எத்தன எண்ணுன?"

ஏழு விரலை நீட்டினேன்.

"தப்பு. எனிமிதி இருந்துச்சு. இவன் ஆத்தாக்காரிக்கு அடியில கெடந்தான், ஒனக்குத் தெரியல. தப்பா எண்ணுனா எதுக்கும் ஒட்டாது. செத்தது நோஞ்சான் குட்டி, அதுபாட்டுக்குப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. துண்டுக்குள் இருந்த குட்டியின் காதில் சந்தன நிறத்தில் ஒரு திட்டு உண்டு. மூன்றாவதாக நான் தொட்டு எண்ணியவன் அவன்தான். பயமெல்லாம் எங்கே போயிற்றோ, வாய் திறந்துவிட்டது.

"இல்ல தாத்தா. செத்தது ஒண்ணு, இருக்கது ஆறு. ஏழுதான்."

"எனிமிதின்னா நாயி ஒனக்கு. ஏழுன்னா தூக்கிட்டுப் போறேன்."

அம்மா பின்னால் நின்று என் முதுகில் கிள்ளினாள். குட்டி என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. சரியாக எண்ணியவன் தப்பு என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது எண்ணத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

"எனிமிதி" என்றேன்.

அவர் குட்டியை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேனாம்.

தாத்தாவுக்குப் பட்டாளத்தில் ஸ்டோரில் வேலை. பூட்ஸ், கம்பளி, தோட்டா எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது. ஒன்று குறைந்தாலும் ராத்திரித் தூக்கம் கிடையாது என்று அவரே எங்கள் அப்பாவிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருந்தும் சாயந்திரம் குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இருந்த பையன்கள் எல்லாரிடமும் போய்ச் சொன்னேன், பட்டாளத்துத் தாத்தாவுக்கு எட்டு வரைக்கும் எண்ண வரவில்லை என்று. கடைசியாகப் பேத்தியிடமும் சொன்னேன். தாத்தாவை ஒரு சொல் சொன்னால் கல்லை எடுக்கிறவள் அவள். நான் ஓடுவதற்குத் தயாராகவே நின்றேன்.

அவள் குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமா. எங்க தாத்தாவுக்கு எண்ணத் தெரியாது" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.