சந்தனம் சேரின் "கிடைக்கவில்லை" கொப்பி

நூலகத்தில் வேலை செய்யும் நிமால் அழைத்து, "அனே மிஸ், சந்தனம் சேர் போயிட்டாரு, ஹார்ட் எட்டேக்" என்றபோது, எனக்கு முதலில் தோன்றியது 'நான் இன்னும் அவரோடு கோபமாக அல்லவா இருக்கிறேன்' என்பதுதான். பல்கலைக்கழக விரிவுரையாளர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு பதினொரு நாட்களாக நாங்கள் பேசவில்லை.

அவரிடம் ஆய்வு முறையியல் படித்தவர்களுக்கு அந்தக் கணினி அறை நினைவிருக்கும். இருபது பேருக்கு ஆறு கணினிகள். மழை பெய்தால் இணையம் இல்லை. எங்கள் பக்கத்தில் மழை பெய்யாத நாள் எது? இணைய நூலகத்தில் தேடிக் கிடைத்ததை மட்டும் எழுதினால் அவருக்குப் போதாது. கிடைக்காததையும் எழுத வேண்டும்: எந்த நாள், எந்தத் தளம், என்ன சொல். "ஒன்னும் இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, எங்கெங்க தேடுனீங்கன்னு காட்டுங்க" என்பார். ஒரே இடத்தில் தேடிவிட்டு வந்தவருக்கு, "இன்னைக்கு உங்களுக்கு அரைப்பேருதான்." கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்த நாளில் அவருடைய அம்மாவுக்குப் போட்ட அதே அரைநாள் கூலிக் கணக்கு. சிங்கள மாணவர்களும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்தார்கள்.

நானும் எஹலியகொட ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போவதைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு தொடங்கியிருந்தேன். துறையில் நடந்த பத்து மணிக் கருத்தரங்கில், "இதை இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். சந்தனம் சேர் எழுந்தார். "மிஸ், எங்கெங்க தேடுனீங்க?" இரண்டு தளங்களைச் சொன்னேன். அவர் மூன்றாவதைத் திறந்தார். என் விடயமேதான், பக்கத்துத் தோட்டங்களைப் பற்றியேதான், ஒரு கட்டுரை திரையில் நின்றது. பின்வரிசையில் யாரோ "அரைப்பேர்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்திருந்தும் முன்பே சொல்லாமல் சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று அன்றிலிருந்து அவரோடு பேசுவதை விட்டேன். மறுநாள் அவரே தேநீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் தொடவில்லை.

சாவு வீட்டில் அவருடைய மனைவி ஒரு கொப்பியைத் தந்தார். "உங்க பேரு போட்டிருக்குங்க மிஸ். நீங்களே வச்சுக்குங்க." முதல் பக்கத்தில் என் ஆய்வுத் தலைப்பு. அதன்கீழ் இரண்டு மாதத் தேடல்கள்: நாள், தளம், சொல், கிடைக்கவில்லை. வரிக்கு வரி கிடைக்கவில்லை. நான் கேட்காமலே எனக்காகத் தேடியிருக்கிறார். கடைசி வரி கருத்தரங்கு நாளுக்குரியது: "காலை எட்டரை. கிடைத்தது. பத்து மணிக்கு முன் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும்."

சொல்ல வந்தாரா? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அன்று காலை நான் உரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ "மிஸ், ஒரு நிமிசம்" என்ற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே "அப்புறம் பார்க்கலாம்" என்று நான் சொன்ன மாதிரியும் இருக்கிறது. அல்லது கொப்பியைப் பார்த்த பிறகு என் மனம் கட்டிய கதையா? வந்திருந்தால், பிறகு ஏன் எல்லோர் முன்னாலும் கேட்டார்? மாணவர்களிடம் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டாரா? நிமாலிடம் விசாரித்தேன். அன்று அறையில் இருந்த இருவரிடமும் விசாரித்தேன். ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. அவருடைய கடைசி வரிக்குக் கீழே, அவர் வைத்த முறைப்படியே, என் கையால் எழுதியிருக்கிறேன்: "சேர் அன்று காலை என்னிடம் வந்தாரா? என் நினைவில், நிமாலிடம், அறையில் இருந்தவர்களிடம் தேடினேன். கிடைக்கவில்லை."