பத்திரகாளி அண்ணாச்சி கேட்ட அடிமாட்டு விலை

பத்திரகாளின்னதும் பொம்பளைன்னு நெனச்சிராதீக. விருதுநகர் பஜார்ல முப்பத்தஞ்சு வருசமா மொளகா வத்தல் தரகு பாத்த ஆம்பளை. வத்தலைக் கையில அள்ளி ஒரு குலுக்குக் குலுக்குனா, வெதச் சத்தத்தை வச்சே ஈரம் எம்புட்டுன்னு சொல்லிருவாக. கத்திக் கத்தியே பழகுன தொண்டை. வீட்டுல குடிக்கத் தண்ணி கேட்டா அடுத்த தெருக்காரன் செம்போட வந்து நிப்பான்.

அம்புட்டு சத்தத்துக்கும் காரணம் ஒரு கூடம். முன்பேரம் அங்கனதான் நடக்கும். மூணு மாசம் கழிச்சு வரப்போற வத்தலுக்கு இன்னைக்கே விலை பேசி முடிக்கிறது. அம்பது பேரு நின்னு கத்துவாக. எவன் வாங்குறான், எவன் விக்கிறான், எவனுக்கு நெஞ்சு படபடங்குதுன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிரலாம். 2005-ல முன்பேரம் கம்ப்யூட்டருக்குப் போயிருச்சு, கூடத்துல சாக்கை அடுக்கிட்டாக. அண்ணாச்சி வேற போக்கில்லாம, கம்ப்யூட்டர்ல முன்பேரம் போட்டுக் குடுக்குற எங்க ஆபீசுக்கு வந்து சேந்தாக.

நான் பொன்மணி. ஊரு நாரணாபுரம். பி.காம் முடிச்சிட்டு அந்த ஆபீசுல கம்ப்யூட்டர்ல ஆர்டர் தட்டுற வேலை. அந்தக் கூடத்தைப் பத்தி எல்லாரும் பெருமையாப் பேசுவாக, இருக்கட்டும். அங்கன பொம்பளைக்கு வாரியலும் கையுமாக் கூட்டிப் பெருக்கத்தான் எடம். கம்ப்யூட்டர் வந்ததுனாலதான் எனக்கு ஒரு நாற்காலி கெடச்சுச்சு. மாசம் நாலாயிரம் சம்பளம். அந்த நாலாயிரத்தை நம்பித்தான் எங்கம்மா மாரித்தாயை, பட்டாசு ஆபீசுல வெடிமருந்து செலுத்துற ரூமுக்கு இனிமே போகவேணாம்னு நிப்பாட்டியிருந்தேன்.

அண்ணாச்சியோட மல்லுக்கட்டுறதே பெரும்பாடு. கம்ப்யூட்டரைப் பாத்து, "ஏலே, எறங்கி வாலே"ன்னு கத்துவாக. "அதுக்குக் காது இல்ல அண்ணாச்சி"ம்பேன். "ஒனக்கு இருக்குல்ல, தட்டு"ம்பாக. எடுத்த எடுப்புல அடிமாட்டு விலைக்குக் கேக்குறது கூடத்துப் பழக்கம். ஊரு பூரா குவிண்டால் ஐயாயிரத்து இருநூறுன்னு சொல்லிக்கிட்டிருக்கு, இவுக பத்து லாட்டை ஐயாயிரத்து நூத்தி இருபதுக்குக் கேக்கச் சொன்னாக. எந்தக் கிறுக்கன் தருவான்னு கேட்டேன். "கேட்டாக் கொறஞ்சா போயிரும், கெடக்கட்டும்"னாக. நாலு நாளா காலையில வந்ததும் அதைத் தட்டி வைப்பேன். ஒரு பய சீண்டல.

அஞ்சாம் நாளு மத்தியானம் வெள்ளைத்துரை அண்ணாச்சிகிட்ட இருந்து போனு. அவுகளும் வத்தல் யாவாரிதான். கடையில இருந்துக்கிட்டே போன்ல ஆர்டர் சொல்லுவாக. "பத்து லாட் வித்துரு தாயி, ஐயாயிரத்து இருநூத்திப் பத்து"ன்னாக. நான் அஞ்சு, ரெண்டு, ஒண்ணுன்னு தட்டுறதுக்குப் பதிலா அஞ்சு, ஒண்ணு, ரெண்டுன்னு தட்டிட்டேன். கையெடுக்குமுன்ன வித்துப்போச்சு. வாங்குனது யாருங்கிறீக? எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பத்திரகாளி அண்ணாச்சி. அந்நேரம் வாங்கக் கேட்டு நின்னது அவுக ஆர்டர் ஒண்ணுதான். ரெண்டு ஆர்டரும் ஏங்கம்ப்யூட்டர்லதான கெடந்துச்சு, எனக்குத் தெரியாதா? பத்து லாட்டுன்னா ஐநூறு குவிண்டால், குவிண்டாலுக்குத் தொண்ணூறு ரூவா. வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு நாப்பத்தஞ்சாயிரம் போச்சு. சொன்னா அன்னைக்கே வேலை போயிரும். அம்மா மறுபடியும் மருந்து ரூமுக்குப் போகணும்.

அடிச்சதுடா யோகம்னு பத்திரகாளி அண்ணாச்சி சிரிக்கணுமா இல்லியா? பதறி எந்திரிச்சுட்டாக. "எவனோ தவறிட்டான். யாருன்னு பாரு பாப்பா, பேச்சைத் தள்ளிருவோம்"னாக.

கூடத்துல அப்பிடி ஒரு மொறை இருந்துச்சாம். அந்தக் கூச்சல்ல ஒருத்தனுக்கு விலை தப்பா வாயில வந்துட்டா, "பேச்சைத் தள்ளு"ன்னு அவன் கேக்கணும். கேட்டா எதிராளி மறுபேச்சு பேசாம விட்டுரணும். விடாதவன்கிட்ட மறுநாள் ஒருத்தரும் விலை பேச மாட்டாக. ஆனா தவறுனவன்தான் மொதல்ல வாயைத் தொறக்கணும்.

மேனேஜர் வந்து சிரிச்சாரு. "எதிர்ப்பக்கம் யாருன்னு இதுல தெரியாது அண்ணாச்சி. லாபம்தான, வச்சுக்கிடுங்க."

"ஆளே இல்லாம எப்பிடிய்யா யாவாரம் நடக்கும்?" அண்ணாச்சி ஆந்திராவுல குண்டூர் வரைக்கும் தெரிஞ்ச வத்தல் தரகருக்கெல்லாம் போனைப் போட்டு, நீ தவறுனியா, நீ தவறுனியான்னு கேட்டாக. அவுக கேலி பண்ணி வச்சிட்டாக. தவறுனவன் எப்பிடியும் கேப்பான்னு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எடத்தை விட்டு அசையல. கூடமா இருந்தா ஏம்மூஞ்சியப் பாத்தே புடிச்சிருப்பாக. நான் கம்ப்யூட்டருக்குள்ள தலையக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அன்னைக்கு யாவாரச் சீட்டு கைக்கு வந்ததும் வெள்ளைத்துரை அண்ணாச்சி போன் போட்டாக. "நான் இருநூத்திப் பத்துன்னுல்ல தாயி சொன்னேன்?"

"இல்ல அண்ணாச்சி, நூத்தி இருபதுன்னுதான் சொன்னீக."

பாவி மக, கூசாமச் சொன்னேன். "அப்பிடியா சொன்னேன்? சரி தாயி"ன்னு வச்சிட்டாக. நாலு ஏச்சு ஏசியிருந்தாக்கூட எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கியிருக்கும்.

மூணாம் நாளு பத்திரகாளி அண்ணாச்சி வந்து எனக்கு எதுக்க உக்காந்தாக. கத்தல. அதுவே எனக்குப் பகீர்னுச்சு.

"தவறுனது நம்ம வெள்ளைத்துரையாம். டீக்கடையில அவனே சொன்னான். கையோட போயி நாப்பத்தஞ்சாயிரத்தைக் குடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி"ன்னேன்.

"என்னத்த நல்லது? புத்தி கலங்கிப்போச்சுன்னு அவனே நம்பிட்டான் பாப்பா. இனிமே நீங்க போனை எடுக்காதீகன்னு மகன் ஸ்ரீராம்குமாரு சொல்லிட்டானாம். கடையில ஒரு ஓரமா உக்காந்திருக்கான். வத்தல் என்ன விலைன்னு கேட்டாக்கூட மகனைக் கேளுங்கங்கான். ரூவாயைக் குடுத்துட்டேன், அவன் தெம்பை எங்க போயிக் குடுப்பேன்?"

எனக்கு அதுக்கு மேல தாங்கல. "அவுக சரியாத்தான் சொன்னாக அண்ணாச்சி. தவறுனது ஏங்கை. பொய்யும் நான்தான் சொன்னேன்."

ஆபீசே திரும்பிப் பாத்துச்சு. மேனேஜர் மூஞ்சி செவந்துபோச்சு. அண்ணாச்சி செருப்பை மாட்டுனாக. "எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? எந்திரி"ன்னாக.

"வெளிய போனா அப்பிடியே போயிரு"ன்னாரு மேனேஜர். சோத்துப் பையை எடுத்துக்கிட்டு அண்ணாச்சி பின்னாலயே நடந்தேன். அம்மாவை நெனச்சு வழி நெடுக அழுதேன்.

கடையில ஸ்ரீராம்குமாரு போன்ல யாருகிட்டயோ விலை பேசிக்கிட்டிருந்தாரு. வெள்ளைத்துரை அண்ணாச்சி மூட்டைகளுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்து, படிச்ச பேப்பரையே திருப்பிக்கிட்டிருந்தாக. நான் போயி முன்னால நின்னு அம்புட்டையும் சொன்னேன். நீங்க சொன்னது இருநூத்திப் பத்துதான், தப்பாத் தட்டுனது நான், வேலைக்குப் பயந்து பொய் சொன்னதும் நான்னு சொன்னேன்.

ஏசுவாகன்னு தலையக் குனிஞ்சு நின்னேன். அவுக என்னையப் பாக்கவே இல்ல. மகனைப் பாத்தாக.

"ஏலே, போனை வையி."

அவரு வச்சாரு.

"இன்னொருக்காச் சொல்லு தாயி. இவனுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு."

சொன்னேன்.