இரண்டு கையால் வாங்கியவள்

மகளின் பள்ளியில் வளையப்பந்து கேட்டார்கள் என்று போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் உறையைப் பிரித்துச் சிவப்பு ரப்பர் வளையத்தை என் முன்னால் வைத்தார். அந்தப் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் கை நீட்டாமல் நின்றுவிட்டேன். "இன்னாக்கா, வேற கலர் வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அதையே வாங்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வீடு வந்தேன்.

நான் படித்தது கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைப் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளுக்கு இருந்த ஒரே ஆட்டம் கபடி. ஒருத்திக்குத் தோள்பட்டை நழுவியதும், வயசுக்கு வந்த பிள்ளைகளைப் பிடித்து இழுக்கிற ஆட்டம் எதற்கு என்று அப்பாக்கள் கூட்டமாக வந்து நின்றுவிட்டார்கள். விளையாட்டு வாத்தியார் பாவம், வெலவெலத்துப் போனார். "இனிமே மேல கை படாத ஆட்டம் மட்டுந்தாங்க" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மறுநாள் பூப்பந்து, கைப்பந்து, வளையப்பந்து என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பூப்பந்துக்கு மட்டை இல்லை. கைப்பந்து பள்ளத்தில் உருண்டு போனது போனதுதான். மிஞ்சியது வளையம்.

ஆட்டம் லேசானது. வலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் வளையத்தை ஒரே கையால் பிடித்து, அதே கையால் உடனே திருப்பி எறிய வேண்டும். இன்னொரு கை பட்டால் எதிராளிக்குப் புள்ளி.

எனக்கு ஜோடி அஞ்சலை. நான் அப்போதே அம்மிக்கல் மாதிரி இருப்பேன், நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டேன். எனக்கும் சேர்த்து அவள்தான் ஓடுவாள். அவளிடம் ஒரே கோளாறு, வளையம் வந்தால் இரண்டு கையும் சேர்ந்து நீளும். அவள் வீட்டார் கூலிக்காரர்கள். கூலியோ கோயில் கூழோ, குனிந்து இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும் என்று அடித்துப் பழக்கியிருந்தார்கள். ஒரு கையை நீட்டினால் திமிர். அதனால் அவளுடைய இடது கையை என் தாவணியால் இடுப்போடு கட்டிவிட்டு ஆடுவோம். மெல்ல மெல்லப் பழகிவிட்டாள்.

நாங்கள் பத்தாவது முடிக்கிற வருஷம். அஞ்சலையின் அப்பாவும் அம்மாவும் வருஷாவருஷம் கரும்பு வெட்ட மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்குப் போவார்கள். அந்த முறை அவளையும் கூட்டிப்போவதாக முடிவாகியிருந்தது. சின்னசேலத்தில் நடக்கும் போட்டியில் ஜெயிக்கிற ஜோடிக்கு விளையாட்டு விடுதியில் இடம், சோறு படிப்பு எல்லாம் இனாம் என்று வாத்தியார் போய்ச் சொன்னார். அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஜெயிச்சா போவட்டும் சார். தோத்துட்டா எங்ககூட வெட்டுக்கு வரட்டும். வயசுப் பொண்ண இனிமேயும் தனியா வுட்டுட்டுப் போவ முடியுமா?"

பஸ் மலையிறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டா நான் இன்னாடி பண்ணுவேன்?" என்றாள். எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை வேண்டிக்கொண்டேன். தோற்றால் எனக்கு ஒன்றும் ஆகாது, அப்பாவுக்கு டீக்கடை இருந்தது.

இறுதி ஆட்டம் கடைசிப் புள்ளி வரை இழுத்தது. என் பக்கம் வந்ததையும் அவளே பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். முட்டியில் தோல் உரிந்து ரத்தம். கடைசி வளையம் மெதுவாக, உயரமாக, நேராக அவளிடம் வந்தது. யோசிக்க நேரம் இருந்ததுதான் வினையாகிவிட்டது. லேசாகக் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள்.

நடுவர் விசில் ஊதினார்.

ஆட்டம் பார்க்க வந்து ஓரத்தில் நின்றிருந்த அவள் அப்பா உள்ளே ஓடிவந்தார். "புடிச்சிட்டாளே சார், கீழ வுடலியே! அப்புறம் இன்னா?"

"ரெண்டு கையால வாங்கிட்டாங்க பெரியவரே."

"ரெண்டு கையால வாங்கறது தப்பா?"

"ஆட்டத்துல தப்புங்க."

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவரிடம் மறுபடி மறுபடி அதையே கேட்டார். மகள் ஜெயிக்கட்டும் என்று அவரும் மனசுக்குள் தவித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அஞ்சலை அழவில்லை. வளையத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். நான்தான் ஊரே பார்க்கக் கதறினேன்.

அந்த வாரமே லாரி வந்தது. வெட்டுக்குப் போனவர்கள் மாரியம்மன் திருவிழாவுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் மட்டும் வரவில்லை. கரும்பு லாரி எதைப் பார்த்தாலும் மேலே உட்கார்ந்திருக்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்ப்பேன், இன்றைக்கும் பார்க்கிறேன்.

அவர்கள் குடிசை பஸ் திரும்பும் முனையில் இருந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டால் அவள்தான் ரோட்டின் குறுக்கே ஓடி, எங்கள் எல்லோருக்காகவும் பஸ்ஸை மறித்து நிற்பாள். நடத்துநர்கள் திட்டித் திட்டியே அந்த இடத்துக்கு அவள் பெயர் நின்றுவிட்டது. இப்போது அங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று வந்திருக்கிறது, வாசலில் விளக்குத் தோரணம். போன மாதம் அப்பாவைப் பார்க்க மலையேறியபோது, பஸ் நடத்துநரிடம் பழக்கத்தில் டிக்கெட் கேட்டுவிட்டேன்.

"அஞ்சலை வூடு ஒண்ணு குடுப்பா."

"அப்டி ஒரு ஸ்டாப்பே கெடையாதுக்கா."